திருத்துறைப்பூண்டிப் பக்கம் வீட்டுக்கும் வயலுக்கும் சிறு காற்றாலை வைக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிக்கு அருகில் மூன்று ஏக்கர் நஞ்சையும், வீட்டை ஒட்டி ஒரு தென்னந்தோப்பும் வைத்திருக்கிறீர்கள். ஆடி மாதத்தில் மாடியில் நிற்க முடியாத அளவுக்குக் காற்று அடிக்கிறது. அது வீணாகப் போகிறதே என்ற எண்ணத்தில், ஒரு கிலோவாட் காற்றாலையை மாடியில் பொருத்த விலை விசாரித்திருக்கிறீர்கள். விற்பவர் நாளொன்றுக்குப் பத்து யூனிட் கிடைக்கும் என்கிறார். அது வீட்டுக்கும், கூடுமானால் ஐந்து குதிரைத்திறன் போர் மோட்டாருக்கும் போதுமா என்று கேட்கிறீர்கள். இயந்திரத்தைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தாலும், இதற்கான விடையில் முக்கால் பங்கு உங்கள் ஊர்க் காற்றிலும், அது வீசும் உயரத்திலும் மாதங்களிலும்தான் இருக்கிறது. நான் மின் பொறியியல் படித்தவன். மின்கம்பி எட்டாத தோட்ட வீடுகளுக்கும் கடலோரக் கொட்டகைகளுக்கும் சோலார் பேனலும் சிறு காற்றாலையும் பொருத்திப் பராமரிப்பதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: மோட்டாருக்கு இது ஆகாது, மாடியில் வைக்கவே கூடாது, வீட்டுத் தேவைக்கு உங்கள் ஊரில் சோலார்தான் லாபம், கடலை ஒட்டிய திறந்த வெளியாக இருந்தால் மட்டும், சோலாருக்குத் துணையாக ஒரு சிறு காற்றாலையை யோசிக்கலாம். ஏன் என்பதை இனி விளக்குகிறேன்.

காற்றில் இருக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் விளம்பரங்களில் பாதியை நீங்களே எடைபோட்டுவிடலாம். அடுத்தது, இறக்கைகள் சுழலும்போது வரையும் வட்டத்தின் பரப்பு. அந்த வட்டத்தின் வழியே வரும் காற்றிலிருந்து எந்த இயந்திரமும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். நடைமுறையில் சிறு இயந்திரங்கள், ஜெனரேட்டர் இழப்பும் சேர்த்து, இருபது முதல் முப்பது விழுக்காடு எடுத்தாலே நல்ல இயந்திரம் என்று சொல்லலாம். இரண்டு மீட்டர் விட்டமுள்ள சுழலியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட் என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பல ஏறத்தாழ இந்த அளவுதான். நம் ஊர் வெப்பத்தில் காற்று சற்று அடர்த்தி குறைந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் காற்றில், அது தருவது சுமார் 12 வாட். நான்கு மீட்டரில் 30 வாட், ஆறு மீட்டரில் நூறு வாட்டை ஒட்டி, எட்டு மீட்டரில் 230 வாட். பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் ஆயிரம் வாட் வர வேண்டுமானால் நொடிக்கு 12 மீட்டருக்குக் குறையாத காற்று வேண்டும்; அது மணிக்கு 43 கிலோமீட்டர். பெரிய மரக்கிளைகள் விடாமல் ஆடி, மின்கம்பிகள் ஊளையிடும் காற்று அது.

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். காற்று எப்போதும் ஒரே வேகத்தில் வீசுவதில்லை. சராசரி நான்கு மீட்டர் என்றால் இடையிடையே ஏழும் எட்டும் வரும். மும்மடி விதியால் அந்தச் சிறிது நேர வேகக் காற்றே அதிக மின்சாரம் தரும். ஆகவே சராசரி வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவதைவிட உண்மையான விளைச்சல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கூடும். அந்தச் சலுகையையும் கொடுத்து, பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் போகும் இழப்பைக் கழித்துப் பார்த்தால், ஆண்டுச் சராசரி நான்கு மீட்டர் உள்ள இடத்தில் இந்த இரண்டு மீட்டர் சுழலி நாளொன்றுக்கு ஒரு யூனிட் தரும். ஐந்து மீட்டர் உள்ள இடத்தில் இரண்டு யூனிட். மூன்று மீட்டர் மட்டுமே உள்ள இடத்தில் அரை யூனிட்கூடத் தேறாது. விற்பவர் சொல்லும் பத்து யூனிட் வர வேண்டுமானால், ஆண்டு முழுவதும், இரவும் பகலுமாக, சராசரியே மணிக்கு முப்பது கிலோமீட்டர் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட காற்று நம் வயல்வெளிகளில் கிடையாது. இந்தப் பகுதிவரை நான் எழுதியதில் ஐயத்துக்கு இடமில்லை. இது கணக்கு, யார் போட்டாலும் இதை ஒட்டியே வரும்.

அடுத்தது நம் பகுதிக் காற்று. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் உண்டு, கணிப்பாக மட்டுமே சொல்லக்கூடியதும் உண்டு. தமிழ்நாட்டில் பெருங்காற்றாலைகள் ஏன் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும், செங்கோட்டைப் பக்கத்திலும், கம்பம் பள்ளத்தாக்கிலும், பல்லடம் உடுமலை வட்டாரத்திலும் குவிந்திருக்கின்றன என்றால், மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிப் பிதுக்கப்பட்டு அங்கே வேகமெடுக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கரூர், திருச்சி தாண்டி நம் பக்கமும் வருகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்வதற்கு டெல்டாவிலும் காரணம் அதுதான். ஆனால் கிழக்கே வர வர அது தளர்கிறது. மரங்களும் ஊர்களும் தரைமட்டத்தில் அதை இன்னும் தடுக்கின்றன. வல்லம், செங்கிப்பட்டி மேட்டு நிலத்தில் நின்று பார்க்கும் ஆடிக்காற்றுக்கும், நீடாமங்கலத்தில் மூங்கில் புதருக்குப் பின்னால் நின்று பார்க்கும் ஆடிக்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் அறிவார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை ஓரத்தில் நிலைமை வேறு: பிற்பகலில் கடற்காற்று ஏறும், ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடை நிற்காமல் அடிக்கும், தடுக்க மரமும் குறைவு.

உங்களைப் போன்ற உள்நிலத்துக் கிராமத்தில், பத்து மீட்டர் உயரத்தில், ஆண்டுச் சராசரி நொடிக்கு மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. தோப்பை ஒட்டிய வீடென்றால் இன்னும் கீழே. திறந்த கடலோரத்தில் நான்கரையை ஒட்டியோ சற்று மேலாகவோ கிடைக்கலாம். இவை அளவீடுகள் அல்ல, உங்கள் வயலில் அளந்தால் மாறக்கூடியவை. ஆடி மாதம் நம்மை ஏமாற்றுகிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனி, ஆடி இரண்டு மாதமும் ஆவணியில் பாதியும் நன்றாகச் சுழலும் இயந்திரம், மாசி பங்குனியில் பல காலைகளில் அசையாமல் நிற்கும். மேட்டூர் வழக்கம்போல ஜூன் 12-ல் திறந்து, ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்து, போர் மோட்டாருக்கு வேலை குறையும் நாட்களில் காற்று உச்சத்தில் இருக்கும். மோட்டாரை நம்பி நாற்றங்கால் விடும் கோடையில் காற்று ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. விளைச்சலும் தேவையும் இப்படி விலகி நிற்பதை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

மாடியில் வைக்கக் கூடாது என்று உறுதியாகச் சொன்னதற்குக் காரணம், காற்றின் வேகத்தைவிட அதன் ஒழுங்கு. வீடு, மரம், வைக்கோல் போர் என எந்தத் தடையைத் தாண்டும்போதும் காற்று கலங்கிவிடுகிறது. தடையின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு உயரம் வரையிலும், காற்று போகும் திசையில் இருபது மடங்கு தூரம் வரையிலும் அந்தக் கலக்கம் நீளும் என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் கணக்கு. கலங்கிய காற்றில் சுழலி திசை தேடித் தேடித் திரும்பிக்கொண்டே இருக்கும். மின்சாரம் வராது, பேரிங் மட்டும் தேயும். இதை நீங்களே கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நீளமான மூங்கில் ஒன்றில், மூன்று நான்கு அடிக்கு ஒன்றாகப் பழைய நைலான் புடவையைக் கிழித்த விரல் அகல நாடாக்களை, ஒவ்வொன்றும் ஒரு முழ நீளத்துக்குக் குறையாமல் கட்டுங்கள். காற்றுள்ள பிற்பகலில் அதை மாடியில் நிமிர்த்திப் பிடித்துக் கால் மணி நேரம் பாருங்கள். ஒழுங்கான காற்றில் நாடா கிடைமட்டமாக நீண்டு ஒரே பக்கம் நிற்கும். உங்கள் மாடியில் கீழ் நாடாக்கள் ஒரு நிமிடம் தெற்கே பறந்து, மறு நிமிடம் மூங்கிலைச் சுற்றிக்கொள்வதையும், சில நேரம் மேல்நோக்கித் துடிப்பதையும் காண்பீர்கள். பிரிட்டனில் 2007 முதல் 2009 வரை வாரிக் சோதனை என்ற பெயரில், கட்டிடங்களின் மேல் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை அளந்தார்கள். நிறுத்தி வைத்த நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஒன்றுக்குச் சராசரியாக நாளொன்றுக்குக் கால் யூனிட்கூட வரவில்லை. அது நம்மைவிடக் காற்று மிகுந்த நாடு. இதோடு, காங்கிரீட் மாடியில் ஏறும் அதிர்வும் இரைச்சலும் வீட்டுக்குள் படுத்திருப்பவர்களுக்கு இரவெல்லாம் கேட்கும். கைப்பிடிச் சுவரில் விரிசல் விடுவதும் உண்டு.

அப்படியானால் எவ்வளவு உயரம் வேண்டும்? சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கும் மிக உயரமான தடையைவிடச் சுழலியின் கீழ் நுனி குறைந்தது ஒன்பது பத்து மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பால பாடம். நாட்டுத் தென்னை இருபது மீட்டரை எட்டும். ஆகவே உங்கள் தோப்புக்குப் பக்கத்தில் கம்பம் முப்பது மீட்டருக்கு, அதாவது நூறடிக்கு, குறையக் கூடாது. அந்தக் கம்பத்தின் செலவு காற்றாலையின் விலையைத் தாண்டிவிடும். பெரிய காற்றாலைகள் நூறு மீட்டர் உயரத்தில் நிற்பது வேடிக்கைக்கு அல்ல. மரம் தடுக்காத சமவெளியில்கூடப் பத்து மீட்டரில் உள்ள காற்றைவிட நூறு மீட்டரில் வேகம் ஏறத்தாழ 1.4 மடங்கு இருக்கும், ஆற்றல் 2.7 மடங்கு. உயரத்தைக் குறைத்துவிட்டு இயந்திரத்தில் அதை ஈடுகட்ட எந்த வழியும் இல்லை.

செங்குத்து அச்சில் சுழலும் வகையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது எந்தத் திசைக் காற்றுக்கும் சுழலும் என்பது உண்மை, மெல்லிய காற்றிலேயே அசையத் தொடங்கும் என்பதும் சில வகைகளுக்கு உண்மை. ஆனால் அசைவது வேறு, மின்சாரம் தருவது வேறு. பீப்பாயை இரண்டாகப் பிளந்து எதிரெதிராக வைத்தாற்போன்ற வகை, காற்றில் உள்ள ஆற்றலில் பதினைந்து விழுக்காட்டை எடுப்பதே அரிது. குறைந்த காற்றில் அதிக மின்சாரம் என்ற வாக்குறுதி, முன்னே சொன்ன மும்மடி விதிக்கு முன் நிற்காது.

மோட்டார் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். ஐந்து குதிரைத்திறன் என்பது 3.7 கிலோவாட், ஐந்து மணி நேரம் ஓட்டினால் இருபது யூனிட்டை ஒட்டிச் செலவாகும், கிளப்பும்போது அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். நாளுக்கு ஒரு யூனிட் தரும் இயந்திரத்தை அதோடு சேர்த்துப் பேசுவதே பொருந்தாது. உங்களிடம் விவசாய இணைப்பு இருந்தால் அதற்கு மின்சாரம் இலவசம். 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகள் அனைவருக்கும் அப்படித்தான். இணைப்புக்காகக் காத்திருப்பவராக இருந்தால், மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில் மானியத்தோடு கிடைக்கும் சோலார் பம்புக்கு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தண்ணீருக்காகவே காற்றை நினைப்பவர்களுக்கு, மின்சாரமே இல்லாத பழைய வழி ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு தகரப் பட்டைகளோடு மெதுவாகச் சுழன்று, கம்பியை மேலும் கீழும் இழுத்து, கைப்பம்பு போலத் தண்ணீர் தரும் காற்றாடிகளை நீங்கள் பார்த்திருக்கலாம்; புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் இவற்றைப் பல ஆண்டுகளாக உருவாக்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நொடிக்கு இரண்டரை மீட்டர் காற்றிலேயே இவை வேலை செய்யத் தொடங்கும் என்பதால் நம் பகுதிக் காற்றுக்கு மின்காற்றாலையைவிடப் பொருத்தமானவை. ஐந்து மீட்டர் சுழலி, நான்கு மீட்டர் காற்றில், பத்து மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு மூவாயிரம் லிட்டர் அளவில் தரும். ஆனால் ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க நாற்பதாயிரம் லிட்டர் வேண்டும். நெல்லுக்கு இது எந்த மூலைக்கு? தொட்டியில் சேர்த்து வைத்து, தென்னைக்கும் காய்கறிப் பாத்திக்கும் மாட்டுக்கும் பாய்ச்சுவதாக இருந்தால், அதுவும் பில்டர் பாயிண்டில், அதாவது ஆழம் குறைந்த குழாய்க் கிணற்றில், தண்ணீர் மேலேயே நிற்கும் இடமாக இருந்தால், இது உழைக்கும். நிலத்தடி நீர் கீழே போய்விட்ட ஊர்களில் இதன் காலம் முடிந்துவிட்டது. பம்பின் தோல் வாஷரை மாற்றித் தரத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றாலைக்கு நான் ஆம் என்று சொல்லும் இடம், வேதாரண்யம் முதல் நாகை வரையிலான கடலோரத்தில், மின்கம்பி வராத திறந்த வெளி. உப்பளக் காவல் கொட்டகை, இறால் குட்டையின் காவல் வீடு, கடலை ஒட்டிய சவுக்குத் தோப்புக்கு வெளியே தனித்து நிற்கும் வீடு போன்றவை. அங்கே தேவை நான்கு விளக்கு, ஒரு மின்விசிறி, கைபேசி, ஒரு கேமரா. நாளுக்கு ஒன்றோ ஒன்றரையோ யூனிட். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் வானம் மூடிக்கிடந்து சோலார் படுத்துவிடும்போது வாடை அடித்துக்கொண்டிருக்கும். ஆடியில் இரவிலும் காற்று இருக்கும். இப்படி ஒன்று தளரும்போது மற்றொன்று தாங்குவதால் பேட்டரி முழுவதும் வடிந்து கெடுவது குறைகிறது. காற்றாலையின் உண்மையான பயன் இங்கே யூனிட் கணக்கில் இல்லை, பேட்டரியின் ஆயுளில் இருக்கிறது. இறால் குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். அது மோட்டார் கதைதான். கோடியக்கரை சரணாலயத்துக்குப் பக்கத்தில் நிலம் உள்ளவர்கள், வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடம் அது என்பதால், கம்பம் நடுவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

அப்படிப்பட்ட இடத்தில் வைப்பவர்களுக்குச் சில விஷயங்களை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை காற்றில்லாமல் தோற்றதைவிடப் பராமரிப்பில்லாமல் செத்தவைதான் அதிகம். வேதாரண்யம் பக்கத்தில், சில ஆண்டுகள் ஓடிய ஓர் இயந்திரத்தைப் பழுது பார்க்க இறக்கினோம். அலுமினிய உடலின் மேற்புறம் புதிதுபோல இருந்தது, மழை கழுவிவிடும். மழை படாத அடிப்புறத்தில் மட்டும் வெள்ளை மாவாகப் பொரிந்து, நகத்தால் கீறினால் செதில் செதிலாக உதிர்ந்தது. துருப்பிடிக்காத எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடமெல்லாம் குழி விழுந்திருந்தது. மின்கம்பி முனைகளில் பச்சை படிந்திருந்தது. ஆனால் கிரீஸ் நிரம்பியிருந்த முன்புற பேரிங் கையால் சுற்றினால் சத்தமே இல்லாமல் சுழன்றது. உப்புக் காற்றுக்கு எதிராக உங்களுக்கு இருக்கும் ஆயுதங்கள் கிரீஸ், கம்பத்தை இழுத்துக் கட்டும் கால்வனைஸ் செய்த ஸ்டே கம்பி, நல்ல தண்ணீரால் அவ்வப்போது கழுவுதல், இவ்வளவுதான். ஆனால் இவை போதும்.

நம் களிமண்ணையும் மறக்கக் கூடாது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, தண்ணீர் கண்டதும் உப்பிக் குழையும் மண்ணில், ஸ்டே கம்பியின் நங்கூரம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இளகும். கனமான காங்கிரீட் கட்டையை ஆழமாகப் புதைத்து, பங்குனியில் ஒரு முறையும் மழை விட்டதும் ஒரு முறையும் கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளைத் திருகி இறுக்கம் பார்க்க வேண்டும். வரப்போரத்தில் நடுவதைவிட மேடான களத்துப் பக்கம் நடுவது நல்லது. இடி மின்னலுக்குக் கம்பத்துக்கென்று தனி எர்த் வேண்டும்.

புயல் தனியாகப் பேச வேண்டியது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 65 கிலோ எடையளவு தள்ளும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது, நம் பகுதியில் தென்னையும் மின்கம்பமும் எப்படிச் சாய்ந்தன என்பதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே டெல்டாவில் வைக்கும் எந்தச் சிறு காற்றாலையும், அடியில் கீல் வைத்து, இரண்டு பேர் சேர்ந்து கப்பிக் கயிற்றால் அரை மணியில் சாய்த்துத் தரையில் படுக்க வைக்கக்கூடிய கம்பத்தில்தான் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் சாய்த்துவிடலாம்; கிரீஸ் போடவும் அதே வழி. கம்பத்தின் உயரத்தைவிடக் கூடுதலான தூரத்துக்குச் சுற்றிலும் வீடோ, மின்கம்பியோ, மாட்டுக் கொட்டகையோ இருக்கக் கூடாது.

மின்சாரப் பக்கத்தில் ஒன்று மட்டும் வலியுறுத்துகிறேன். சோலார் பேனலைப் பேட்டரி நிரம்பியதும் துண்டித்துவிடலாம், ஒன்றும் ஆகாது. காற்றாலையைச் சுமையில்லாமல் துண்டித்தால் அது கட்டுக்கடங்காத வேகத்தில் சுழன்று இறக்கை முறியும். உபரி மின்சாரத்தை வெப்பமாக்கிக் கழிக்கும் ரெசிஸ்டர் உள்ள, காற்றாலைக்கென்றே செய்த கன்ட்ரோலர்தான் வேண்டும். சோலார் கன்ட்ரோலரையே மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்த வேலை தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்வாரிய இணைப்போடு எதையும் நீங்களாகச் சேர்க்கவும் கூடாது. லைன் அணைந்திருப்பதாக நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கு அது ஆபத்து.

உங்கள் வீட்டுக்கே வருகிறேன். இரு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் போக மீதிக்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். ஒரு கிலோவாட் சோலார் நம் பகுதியில் நாளுக்கு நான்கு யூனிட்டை ஒட்டித் தரும். மானியத்துக்கு முன் ஐம்பதாயிரம் முதல் எழுபதாயிரம் ரூபாயில் முடிந்துவிடும். வீட்டு மாடி சோலாருக்கென்று 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு முப்பதாயிரம், இரண்டுக்கு அறுபதாயிரம், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மத்திய மானியம் கிடைக்கிறது. ஒரு கிலோவாட் காற்றாலையைத் தகுந்த கம்பம், நங்கூரம், பேட்டரி, கன்ட்ரோலரோடு முறையாக நிறுத்த இரண்டு லட்சத்துக்குக் கீழே முடிவது அரிது. கிடைப்பது நாளுக்கு ஒரு யூனிட். ஆகவே தென்னை நிழல் விழாத மாடி இருந்தால் அதில் சோலாரைப் போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் வயலின் காற்று விதிவிலக்கு என்று தோன்றினால், அதை அளந்து பார்ப்பதில் தவறில்லை, நான் வரவேற்பேன். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் காற்று வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால் அவை பெரிய இயந்திரங்களின் உயரத்துக்கு உரியவை, உங்கள் சிறு கம்பத்துக்கு அவற்றை அப்படியே எடுக்கக் கூடாது. பதிவு செய்யும் வசதியுள்ள கிண்ண வகைக் காற்றுமானி ஒன்றை, காற்றாலை வரப்போகும் அதே இடத்தில், அதே உயரத்தில் வைத்து, ஓராண்டு பதிவு எடுங்கள். முடியாவிட்டால் மாசி பங்குனியில் ஒரு மாதமும் ஆடியில் ஒரு மாதமுமாவது எடுத்தே தீர வேண்டும். ஆண்டுச் சராசரி நாலரைக்குக் கீழே இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். மேலே இருந்தால், விற்பவரிடம் மூன்று விஷயங்களைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்: சுழலியின் விட்டம், நொடிக்கு மூன்று, நான்கு, ஐந்து, ஆறு மீட்டர் காற்றில் பேட்டரிக்குள் போகும் வாட், இந்த மாவட்டத்தில் அவர் பொருத்தி இரண்டு ஆடியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரத்தின் முகவரி. மூன்றாவதைத் தந்தால், பங்குனியில் ஒரு நாள் அங்கே போய், வீட்டுக்காரரிடம் கன்ட்ரோலரில் பதிவாகியிருக்கும் மொத்த யூனிட்டைக் காட்டச் சொல்லி, பொருத்திய நாட்களால் வகுத்துப் பாருங்கள். அதற்கு முன் முன்பணம் தர வேண்டாம்.